ரயில் போன வழியில் சைக்கிள் சவாரி!

உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்தானே? ஓட்டும்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயங்கள் என்னென்ன என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் வந்து ‘பாம் பாம்’ என்று அலறும் பஸ். மூச்சு வாங்க வைக்கும் மேடு. நாலு ரோடும் கூடும் இடத்தில் திகில்!

இந்தத் தொல்லைகள் ஏறக்குறைய எதுவுமே இல்லாமல், ஒரு பெரிய நகரத்தின் வடக்கு ஓரத்தில் மிதிக்க ஆரம்பித்து, தெற்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம் என்றால் எப்படி இருக்கும்? வழியில் காடு, குரங்கு, இரும்புப் பாலம், பழைய ரயில் நிலையம் எல்லாம் வரும்!

அப்படி ஒரு வழி சிங்கப்பூரில் இருக்கிறது. அதன் பெயர் ‘ரெயில் காரிடார்’. நீளம் 24 கிலோமீட்டர். அது ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. நடப்பவர்களும் ஓடுபவர்களும் சைக்கிளில் வருபவர்களும்தான் போகிறார்கள்.

வாருங்கள், நாமும் ஒரு சவாரி போகலாம். அதற்கு முன்பு, அந்த ரயில் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு நாட்டின் நிலம், இன்னொரு நாட்டின் ரயில்!

சிங்கப்பூரை ஆங்கிலேயர்கள் ஆண்ட காலத்தில், 1903-ம் ஆண்டு அங்கே ரயில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூர் ஒரு தீவு அல்லவா? அதனால் ரயில் தீவின் வடக்குக் கரையோடு நின்றுவிடும். அங்கே இறங்கிப் படகில் ஏறித்தான் அக்கரையில் உள்ள ஜொகூருக்குப் போக வேண்டும். 1923-ல் கடலின் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டிய தரைப்பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு, சிங்கப்பூரில் ரயில் ஏறினால் மலேயாவுக்கே போய்விடலாம்!

1932-ல் ரயில் பாதையின் தெற்குப் பகுதியை வேறு வழியாக மாற்றிப் போட்டார்கள். துறைமுகத்துக்கு அருகே தஞ்சோங் பகார் என்ற இடத்தில் பெரிய ரயில் நிலையமும் கட்டினார்கள்.

1965-ல் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. ஆனால் ரயிலும், அது ஓடிய நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. சிங்கப்பூர் நகரம் மளமளவென்று வளர்ந்தது. வானத்தைத் தொடும் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் இந்த நீளமான, ஒல்லியான நிலத்தில் மட்டும் யாரும் எதையும் கட்டவில்லை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் புல்லும் மரமும் தாராளமாக வளர்ந்தன.

2010-ல் இரண்டு நாடுகளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ரயில் இனி நகருக்குள் வராது. வடக்கே உட்லண்ட்ஸ் வரை மட்டுமே வரும். ரயில்வே நிலம் சிங்கப்பூருக்கு. அதற்கு ஈடாக நகரில் வேறு இடங்களில் நிலம்.

2011 ஜூன் 30-ம் தேதி இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டியவர் யார் தெரியுமா? ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்! ஆமாம், சுல்தானே எஞ்சினில் ஏறி ஓட்டினார். வழியனுப்ப ஏராளமான மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள்.

துண்டு போட்டால் போச்சு!

ரயில் போய்விட்டது. நிலம் மட்டும் கிடக்கிறது. இப்போது என்ன செய்வது?

சிங்கப்பூர் சின்னஞ்சிறிய நாடு. அங்கே ஒவ்வொரு அடி நிலமும் பொன்னுக்குச் சமம். இங்கே கொஞ்சம் வெட்டி வீடு கட்டலாம், அங்கே கொஞ்சம் வெட்டி ரோடு போடலாம் என்று நினைப்பது சுலபம். வீடும் ரோடும் தேவைதானே?

ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். உங்களிடம் 24 அடி நீளமுள்ள ஒரு கயிறு இருக்கிறது. அதை வைத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்தலாம். அதே கயிற்றை ஆறு துண்டாக வெட்டிவிட்டால்? மொத்தம் அதே 24 அடிதான். ஆனால் வாளி தண்ணீரைத் தொடாது! பாதையும் அப்படித்தான். முழுதாக இருக்கும் வரைதான் அது பாதை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் கட்டடம் வந்துவிட்டாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும். ஒருமுறை கட்டடம் வந்துவிட்டால், திரும்ப ஒட்டவைப்பதும் ரொம்பக் கஷ்டம்.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் இயற்கைக் கழகம் என்ற அமைப்பு, ரயில் நிற்பதற்கு முன்பே, 2010-ல் ஒரு யோசனையை எழுதி அரசிடம் கொடுத்தது. “இந்த நிலத்தை அறுபடாத பசுமை வழியாக வைத்திருக்க வேண்டும்” என்பதே அதன் சாரம். பொதுமக்களும் அதை ஆதரித்தார்கள். ரயில் நின்றதும் 2011 ஜூலையில் மக்களைத் தண்டவாளத்தின் மேல் நடந்துபோக அனுமதித்தார்கள். குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் கூட்டம் கூட்டமாக நடந்து பார்த்தார்கள். பிறகு பெரும்பாலான தண்டவாளங்கள் கழற்றி எடுக்கப்பட்டன.

பாதையை முழுதாகக் காப்பாற்றுவது என்று அரசும் முடிவு செய்தது. 2015-ல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து, 2021-ல் பாதையின் நடுப்பகுதியைச் செப்பனிட்டுத் திறந்தார்கள். ஒரு பகுதியில் பாதைக்கு அடியில், நகருக்குக் குடிநீர் கொண்டுபோகும் பெரிய குழாயையும் பதித்திருக்கிறார்கள். மேலே சைக்கிள், கீழே தண்ணீர்! நீளமாக, அறுபடாமல் ஒரு நிலம் இருந்தால் இப்படி எத்தனையோ பயன்கள்.

மேடே தெரியாத பாதை

ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டுவது மட்டும் ஏன் இவ்வளவு சுகம்?

ரயிலின் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. ஆனால் செங்குத்தான மேட்டில் ஏறச் சொன்னால் சக்கரம் வழுக்கும்! ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் பல் சக்கரம் வைத்திருப்பது இதனால்தான்.

சாதாரண ரயில் பாதை போடுகிறவர்கள், பொதுவாக 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்வார்கள். மேடு வந்தால் வெட்டி வழி செய்வார்கள். பள்ளம் வந்தால் மண் கொட்டிக் கரை எழுப்புவார்கள். ஆறோ ரோடோ குறுக்கிட்டால் பாலம். வளைவுகூட வெடுக்கென்று திரும்பாது; அகலமாக, மெதுவாக வளையும்.

அத்தனை பாடுபட்டது ரயிலுக்காக. இன்று பலன் அனுபவிப்பது உங்கள் கால்கள்! மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மெதுவாக மிதித்தாலும் 24 கி.மீ. தூரத்தை 2 மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் நாம் அப்படிப் போகப் போவதில்லை. நிறைய இடங்களில் நிற்கப் போகிறோம்.

பெடலில் கால் வையுங்கள்!

வடக்கே கிராஞ்சி பக்கத்திலிருந்து புறப்படுவோம். அருகிலேயே கிராஞ்சி போர் நினைவிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,400-க்கும் அதிகமான வீரர்களின் கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. உடல் கிடைக்காமல் போன வீரர்களின் பெயர்களைச் சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் இந்திய வீரர்கள் நிறையப் பேர்.

தெற்கு நோக்கி மிதித்தால் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புக்கிட் பாஞ்சாங். அதையும் தாண்டினால் பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலை. கார் தொழிற்சாலையில் என்ன பார்ப்பது என்கிறீர்களா? 1942 பிப்ரவரி 15-ம் தேதி, ஆங்கிலேயப் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இந்தக் கட்டடத்தில்தான்! இப்போது அது அருங்காட்சியகம்.

இதே பகுதியில், ரோட்டுக்கு மேலே ஓர் இரும்புப் பாலம். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று வரும். தண்டவாளங்களைக் கழற்றியபோதும் இந்த இரண்டு பாலங்களைத் தொடவில்லை. உற்றுப் பாருங்கள்: பாலம் முழுக்க முக்கோணம், முக்கோணம், முக்கோணம்! ஏன்?

வீட்டில் செய்து பாருங்கள். நான்கு ஐஸ் குச்சிகளின் முனைகளைக் குண்டூசியால் இணைத்துச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து நசுங்கிவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளுங்கள். அசையாது! குச்சியே உடைந்தால்தான் அதன் வடிவம் மாறும். ரயிலின் பாரத்தை இந்தப் பாலங்கள் தாங்கிய ரகசியம் இதுதான். (குண்டூசியைக் கையாளும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.)

இரண்டு பாலங்களுக்கும் இடையே பாதை காட்டை ஒட்டிப் போகிறது. இடது பக்கம் தெரிவது புக்கிட் தீமா குன்று. 163 மீட்டர் உயரம்தான். ஆனால் சிங்கப்பூரில் இதைவிட உயரமான குன்று கிடையாது! அதன் அடிவாரத்திலேயே போகிறோம்; மேடு தெரிகிறதா, பாருங்கள். தெரியாது.

நீண்ட வால் குரங்குகள் கிளையில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். உடும்பு மெதுவாகக் குறுக்கே போகும். இருவாச்சிப் பறவையையும் பார்க்கலாம். அவற்றுக்கும் இது பாதைதான்! நகரத்தில் ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் நடுவே ரோடும் கட்டடமும் நிற்கின்றன. பறவையும் பட்டாம்பூச்சியும் சிறு விலங்குகளும் ஒரு பசுமையிலிருந்து இன்னொரு பசுமைக்குப் போக இந்த மரங்கள் அடர்ந்த பட்டைதான் வழி. கயிறு அறுந்திருந்தால் அவையும் தவித்துப்போயிருக்கும்.

வளையத்தில் தொங்கும் சாவி

இரண்டாவது பாலத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா ரயில் நிலையம். செங்கல்லால் கட்டிய குட்டி நிலையம். 2022-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த வீட்டைச் சிற்றுண்டிக் கடையாக மாற்றினார்கள்!

இந்தக் குட்டி நிலையத்துக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. இங்கே போனது ஒற்றைத் தண்டவாளம். வடக்கிலிருந்து ஒரு ரயிலும் தெற்கிலிருந்து ஒரு ரயிலும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறதல்லவா?

அதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் சாவி போன்ற ஓர் உலோகத் துண்டு உண்டு. அதற்கு ‘டோக்கன்’ என்று பெயர். டோக்கன் கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் ரயிலைச் செலுத்தலாம். இரு முனை நிலையங்களிலும் இதற்கென எந்திரங்கள் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு டோக்கன் வெளியே போய்விட்டால், அது திரும்பி வரும்வரை இரண்டு எந்திரங்களிலிருந்தும் இன்னொன்றை எடுக்கவே முடியாது!

டோக்கனை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார் நிலைய ஊழியர். ரயில் நிற்காமல் மெதுவாகப் போகும்போதே ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்வார். 2011 வரை இந்த நிலையத்தில் இது நடந்தது. நம் ஊர் ஒற்றைப் பாதைகளிலும் டோக்கன் முறை இருந்தது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், சொல்வார்!

பெயரில் ஒளிந்திருக்கும் ரயில்

நிலையத்திலிருந்து தெற்கே மறுபடி மரங்கள். பிறகு நகரம் நெருங்கி வரும். குவீன்ஸ்டவுன் பகுதியில் ‘தங்ளின் ஹால்ட்’ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. ‘ஹால்ட்’ என்றால் ரயில் சற்று நேரம் நின்று போகும் சிறு நிறுத்தம். நிறுத்தம் போய்விட்டது, ரயிலும் போய்விட்டது. பெயர் மட்டும் இன்னும் இறங்காமல் அங்கேயே நிற்கிறது!

இதே பகுதியில் நமக்குச் சொந்தமான ஒரு கதையும் இருக்கிறது. மலேயாவில் ரயில் பாதை போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஊரைவிட்டுக் கப்பலேறி வந்த அவர்கள், 1930-களில் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்துப் பக்கத்தில் முனீஸ்வரனுக்கு ஒரு சின்னக் குடிசைக் கோயில் கட்டினார்கள். நம் ஊர் எல்லைச் சாமி, கடல் தாண்டி ரயில் பாதைக்குக் காவல்! அந்தக் கோயில்தான் பின்னர் இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக நிற்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

கடைசியாகத் தஞ்சோங் பகார். நிலையத்தின் முகப்பில் நான்கு பெரிய வெள்ளைப் பளிங்குச் சிலைகள். விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிப்பவை அவை. 2011-ல் இந்தக் கட்டடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். இதன் அடியில் நகர ரயிலுக்காகப் புதிய சுரங்க நிலையமும் கட்டப்பட்டது. பழைய ரயில் போன இடத்துக்குப் புது ரயில்!

வேறு எங்கெல்லாம்?

* பிரிஸ்டல், இங்கிலாந்து: இங்கிருந்து பாத் நகருக்குப் போன பழைய ரயில் பாதையைச் சைக்கிள் ஆர்வலர்களும் தொண்டர்களும் சேர்ந்து 1979-லிருந்து 1986-க்குள் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். நீளம் சுமார் 21 கி.மீ. வழியில் சுமார் 470 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் சைக்கிளில் போகலாம்!

* ஹெல்சிங்கி, பின்லாந்து: துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போவதற்காகப் பாறையை வெட்டிச் செய்த பள்ளம், 2012-ல் சைக்கிள் பாதையானது. மேலே ரோடுகள், கீழே சைக்கிள்கள்.

* மினியாபொலிஸ், அமெரிக்கா: இங்கேயும் நகரின் நடுவே பள்ளத்தில் ஓடிய ரயில் பாதைதான். இப்போது சுமார் 9 கி.மீ. நீள சைக்கிள் பாதை.

* நியூயார்க், அமெரிக்கா: தூண்களின் மேலே போன பழைய ரயில் பாதையை 2009-ல் பூங்காவாக்கித் திறந்தார்கள். ஆனால் இங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நடந்துதான் போக வேண்டும்!

சவாரிக்கு முன் படியுங்கள்

* தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.
* பாதை எல்லோருக்கும் பொது. நடப்பவர்களுக்கு முதல் உரிமை. பெல் அடித்து, வேகத்தைக் குறைத்துத் தாண்டுங்கள்.
* குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம்! பையைத் திறந்து வைத்தால் அதுவே எடுத்துக்கொள்ளும், ஜாக்கிரதை.
* ரயில் ஓடும் தண்டவாளத்தின் பக்கம் எந்த ஊரிலும் போகவே கூடாது. நாம் பேசியது ரயில் நின்றுபோன பாதைகளைப் பற்றி மட்டும்தான்.

ஒரு சின்ன வேலை

‘சிங்கப்பூர் போனால் பார்க்கலாம்’ என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீளமாக, அறுபடாமல் போகிற கோடுகள் எவை? ஆற்றங்கரையா? வாய்க்கால் கரையா? பழைய வண்டிப்பாதையா? பச்சைப் பென்சிலால் தீட்டுங்கள். எங்கே முழுதாக இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று குறியுங்கள். பெரியவர்களிடம் காட்டி, ‘இந்த வழி முன்னே எதுவரை போகும்?’ என்று கேளுங்கள். எத்தனை கதைகள் வருகின்றன என்று பாருங்கள்!

சிங்கப்பூரில் அந்த 24 கி.மீ. கயிற்றை அறுக்க விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் முதலில் இதைத்தான் செய்தார்கள். பழைய கோடு ஒன்றை உற்றுப் பார்த்தார்கள். பிறகு, ரயில் நிற்கும் முன்பே, ‘இதை வெட்டாதீர்கள்’ என்று சொன்னார்கள். சரியான நேரத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான்!